வண்டியிலேயே போகிறது வாரம்

ரொட்டிக்கு 9 கிலோமீட்டர். மருந்துக்கு 14. சின்னவள் பள்ளிக்கு 6, பெரியவன் பள்ளிக்கு 17. பல் வலி வந்தால் 38, அதுவும் மருத்துவர் நேரம் கொடுத்தால். பிரான்சின் நடுப்பகுதியில், க்ரூஸ் மாவட்டத்தில், 11 வீடுகள் கொண்ட ஒரு குக்கிராமத்தில் இருக்கிறோம். குளிர்காலத்து இரவில் அவற்றில் 4 வீடுகளில்தான் விளக்கெரியும். மற்றவை கோடையில் திறக்கும், சில கோடையிலும் திறப்பதில்லை. என்ன வேண்டுமென்றாலும் சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பியாக வேண்டும்.

பிரெஞ்சு நாட்டுப்புறம் என்றதும் கல்வீடு, சன்னலோரத்துப் பூந்தொட்டி, அவசரமில்லாத வாழ்க்கை என்று எழுதிவிடுகிறார்கள். கல்வீடு இருக்கிறது, பூவும் இருக்கிறது. அவசரமில்லாத வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று எனக்கு யாராவது காட்டட்டும். பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரம், வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இங்கே இருந்து பார்த்தால் தெரியும். இந்த ஊரையும் இந்த மனிதர்களையும் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

என் தாத்தா புதுச்சேரியில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படை வீரராக, இருந்தவர். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாரிஸ் புறநகரில் இரண்டு அறைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையில் இங்கே தோட்டத்தோடு ஒரு வீட்டுக்கே தவணை கட்ட முடிந்தது, அதனால் வந்தோம். கணவருக்கு மர லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. மில்வாஷ் பீடபூமியில் ஆட்கள் போய்விட்ட மேய்ச்சல் நிலங்களிலும் வயல்களிலும் போருக்குப் பிறகு டக்ளஸ் மரங்களை நட்டுக்கொண்டே போனார்கள். அந்த மரங்களை இப்போது வெட்டி ஏற்றுகிறார்கள். திங்கள் விடியுமுன் கிளம்பினால் வெள்ளி இரவுதான் வருவார். நடுவில் வீட்டுக்கான ஓட்டமெல்லாம் என் தலையில்.

திங்கட்கிழமை காலை முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவதில் தொடங்கும். எங்கள் பகுதியில் மூன்று ஊர்கள் சேர்ந்து ஒரு தொடக்கப் பள்ளியை நடத்துகின்றன. ஓர் ஊரில் மழலையர், இன்னோர் ஊரில் நடு வகுப்புகள், மூன்றாவதில் மேல் வகுப்புகள். தனித்தனியாக விட்டிருந்தால் மூன்றும் என்றைக்கோ மூடியிருக்கும், அதனால் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கி மூன்றையும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பேருந்து பெரிய சாலைச் சந்திப்பில்தான் நிற்கும். வீட்டிலிருந்து சந்திப்புக்கு 2 கிலோமீட்டர், விளக்கில்லாத சாலை. ஏழு வயதுப் பிள்ளையை அந்த இருட்டில் நடக்கவிட மனம் வருமா? எனவே பேருந்தைப் பிடிப்பதற்கே வண்டி வேண்டும். பெரியவனுக்கு இன்னொரு பேருந்து, அது இன்னும் 25 நிமிடம் முந்தி வரும். இரண்டு பேருந்துக்கும் நடுவே சின்னவள் பின்சீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பாள்.

திங்களன்று ரொட்டிக் கடை விடுமுறை. வங்கி விடுமுறை. கசாப்புக் கடை விடுமுறை. வேலை செய்பவர்களுக்கு ஓய்வு வேண்டாமா என்றால் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு ஊரில் ஒன்றுக்கு நான்கு கடைகள் இருந்தபோது ஒன்று மூடினால் இன்னொன்று திறந்திருந்தது. இப்போது ஒன்றே ஒன்று இருக்கும்போது அது மூடினால் 20 கிலோமீட்டர் சுற்றளவும் மூடிவிடுகிறது. பிரெஞ்சு பகேத் ரொட்டியின் செய்முறையையும் அதைச் சார்ந்த பண்பாட்டையும் 2022 நவம்பரில் யுனெஸ்கோ உலகின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. எங்கள் குக்கிராமத்துக்கு ரொட்டி வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. திருப்பத்தில் ஒலியெழுப்பும், கிழவிகள் பையோடு வாசலுக்கு வருவார்கள். ரொட்டிக்காரர் ஓய்வு பெற்றார், வண்டியும் நின்றது. இன்று பக்கத்து ஊரில் ரொட்டி விற்கும் தானியங்கிப் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். வங்கி அட்டையைக் காட்டினால் ரொட்டி விழும். அதற்கும் வண்டியில்தான் போக வேண்டும்.

என் வேலையே வண்டிதான். முதியவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களைப் பார்த்துக்கொள்வது. எழுப்பி, குளிப்பாட்டி, கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்து, மாத்திரை உள்ளே போயிற்றா என்று பார்த்துவிட்டு அடுத்த வீடு. 60 வயதைத் தாண்டிப் பிறர் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு 2002இலிருந்து மாவட்ட நிர்வாகம் ஓர் உதவித்தொகை தருகிறது. இந்த வேலை பெரும்பாலும் அந்தப் பணத்தில் நடக்கிறது. யாருக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்று தாளில் எழுதி வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் பதிவு, வெளியே வரும்போது பதிவு. அரை மணி என்று எழுதியிருந்தால் அரை மணி.

88 வயது உடம்பை எப்படி அவசரப்படுத்துவது? நான் போகும் வீடுகளில் ஒன்றில் ஒரு மதாம் இருக்கிறார். செந்நிற லிமுசேன் மாடுகளை வாழ்நாளெல்லாம் வளர்த்தவர், கணவர் போய்விட்டார், மகன் லியோனில். அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்கே எத்தனை நேரம் ஆகும் என்பதைத் தாளில் எழுதியவர்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவருக்குப் பேச வேண்டும். நேற்று மாலைக்குப் பிறகு அவர் கேட்கும் முதல் மனிதக் குரல் என்னுடையது. கைப்பேசியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் பேச்சை எப்படி வெட்டுவேன்?

"அப்போ இந்த ஊர்ல கொல்லர் இருந்தார், தச்சர் இருந்தார், ரெண்டு காப்பிக்கடை, மளிகை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்துது, பிள்ளை. எதுக்கும் நான் வண்டி ஏறினதில்லை. ஓட்டக் கத்துக்கணும்னு தோணவே இல்லை. இப்போ எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால நான் எங்கேயும் இல்லை," என்றார் ஒருநாள்.

அவர் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு 16 கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை. அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓட்டும் நேரத்தை வேலை நேரமாகத்தான் கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் காலை வேலை முடிந்து, மாலை வேலை தொடங்கும்வரை நடுவில் விழும் வெற்று நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு வந்து திரும்பிப் போனால் எரிபொருள் வீண், வராவிட்டால் குளிரில் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வண்டி என்னுடையது, சக்கரம் தேய்வதும் பிரேக் தேய்வதும் என் கணக்கு, கிலோமீட்டருக்கு ஒரு சிறு படி வரும். 2021 அக்டோபரில் லாபநோக்கில்லாத அமைப்புகளில் இந்த வேலை செய்வோரின் சம்பளத்தை 13 முதல் 15 சதவீதம்வரை உயர்த்தினார்கள். அன்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அடுத்த ஆண்டே எரிபொருள் லிட்டர் 2 யூரோவைத் தாண்டியது. நகரத்தில் இதே வேலையைச் செய்பவள் அடுத்த வீட்டுக்கு நடந்தோ டிராமிலோ போவாள். எங்கள் உயர்வை நாங்கள் பெட்ரோல் நிலையத்தில் ஊற்றினோம்.

மருத்துவர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியின் கடைசி மருத்துவர் 70 வயதில் கதவை மூடினார். தனக்குப் பதில் ஒருவரைத் தேடி ஈராண்டு அலைந்தார், அறையையும் மேசையையும் நோயாளிகளையும் சும்மா தருகிறேன் என்றார், யாரும் வரவில்லை. எங்கள் அனைவரின் கோப்புகளையும் ஒரு குறுந்தகட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு அழுதார் அந்த மனிதர்.

இது வானத்திலிருந்து விழுந்த விபத்தில்லை. 1971இல் ஒரு சட்டம் போட்டு, மருத்துவப் படிப்பில் ஆண்டுக்கு எத்தனை பேர் மேலே போகலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. தொடக்கத்தில் 8,500க்கு மேல் இருந்த அந்த எண்ணைக் குறைத்துக் குறைத்து 1990களின் தொடக்கத்தில் 3,500க்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் குறைந்தால் மருந்துச் சீட்டும் குறையும், காப்பீட்டுச் செலவும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. மக்களுக்கு வயது ஏறும், மருத்துவர்களுக்கும் வயது ஏறும் என்பதைக் கணக்கில் சேர்த்திருக்க முடியாதா? 2019இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஒரு பொதுமருத்துவரை உருவாக்கப் பத்தாண்டு ஆகும். அதுவரை எங்கள் காதுவலிகள் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மருத்துவரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவர் வழியாகத்தான் மற்ற மருத்துவர்களிடம் போக வேண்டும் என்று 2004இல் முறை வந்தது. பதிவு இல்லாமல் போனால் காப்பீடு திருப்பித் தருவது 70 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறையும் என்பது பொதுவிதி. மருத்துவர் இருக்கும் ஊருக்கு அது சரியான விதி. நாட்டில் சுமார் 60 லட்சம் பேருக்கு அப்படி ஒரு மருத்துவர் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகும் அந்த விதியின் கூர்மை எங்கள் பக்கமே திரும்பியிருக்கிறது. நான் தொலைபேசியில் கேட்ட இடங்களிலெல்லாம் ஒரே பதில்: புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. அந்த வரவேற்புப் பெண்களின் குரலில் எரிச்சலைவிடச் சோர்வுதான் தெரிந்தது. நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பவர்கள்.

இந்தச் செவ்வாய் இரவு பெரியவனுக்குக் காது வலி. துடித்தான். அவசர மருத்துவ எண்ணான 15ஐ அழைத்தேன். பொறுமையாகக் கேட்டு, காய்ச்சல் எவ்வளவு, வாந்தி உண்டா என்று விசாரித்து, வலி மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் யாரிடமாவது காட்டுங்கள் என்றார்கள். யாரிடம்? மருந்துக்கடைக்குள் ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள், அதில் உட்கார்ந்தால் திரையில் ஒரு மருத்துவர் வருவார். கருவியைக் காதில் நான் வைக்க, எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் அவர் என் மகனின் செவிப்பறையைத் திரையில் பார்த்தார். மருந்து எழுதினார், நல்லவர், வலியும் அடங்கியது. அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால்? மதாமின் கால் புண்ணை மோந்து பார்த்தே நிலைமை சொன்ன அந்தப் பழைய மருத்துவரின் இடத்தில் ஒரு திரையை வைத்துவிட்டு, மருத்துவம் கிடைக்கிறது என்று வரைபடத்தில் பச்சை வண்ணம் அடிக்கலாமா?

ஆசிரியரை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை அரசு முடிவு செய்கிறது. மருந்துக்கடை எங்கே திறக்கலாம் என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கு வைத்து விதி இருக்கிறது. மருத்துவர் மட்டும் கடற்கரையோ பெருநகரமோ தமக்குப் பிடித்த இடத்தில் பலகை மாட்டலாம், அவருடைய ஊதியத்தின் பெரும்பகுதி நம் எல்லோருடைய காப்பீட்டுப் பணத்திலிருந்து வந்தாலும். மருத்துவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் இடத்தில் ஒருவர் விலகினால்தான் இன்னொருவர் வரலாம் என்னும் மசோதாவை 2025 மே மாதம் தேசிய மன்றம் முதல் சுற்றில் நிறைவேற்றியது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் சேர்ந்து கொண்டுவந்தது அது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் மருத்துவர் சங்கங்களும் பயிற்சி மருத்துவர்களும் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்தார்கள். அந்த இளைஞர்கள் மேல் எனக்குப் பகையில்லை, பத்தாண்டு உழைத்துப் படித்தவர்கள். இங்கே தனியாக வந்து மாட்டிக்கொள்ள அவர்களுக்குப் பயம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரட்டும், வாழ்க்கைத் துணைக்கும் வேலை தேடிக் கொடுப்போம், வீடு கொடுப்போம். மேரியில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், இருப்பவர்கள் அத்தனையும் செய்யத் தயாராக இருக்கிறார்கள்.

புதன்கிழமை தொடக்கப் பள்ளி இல்லை. 2013இல் புதன் காலையும் பள்ளி உண்டு என்று கொண்டுவந்தார்கள், 2017இல் வேண்டாமென்றால் பழைய நான்கு நாளுக்கே திரும்பலாம் என்று அனுமதித்தார்கள், கிராமங்களில் பெரும்பாலும் திரும்பிவிட்டோம். பேருந்துச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தை யார் கொடுக்கிறார்கள்? தாய்மார்கள் புதனை விட்டுக் கொடுத்து, குறைந்த மணி நேர வேலையில் சேர்ந்து, குறைந்த ஓய்வூதியத்தை நோக்கி நடக்கிறோம். எனக்கோ புதனில் காலை வீடுகள் உண்டு, முதியவர்கள் புதனிலும் எழுந்திருக்க வேண்டுமே. பக்கத்து வீட்டு மாட்டுப் பண்ணைக்கார அம்மாவிடம் சின்னவளை விட்டுவிட்டுப் போகிறேன். அவர்களுக்கு இது கன்று ஈனும் காலம், இரவெல்லாம் தொழுவத்தில் விழித்தவர். அப்படியும் முகம் சுளிக்கமாட்டார். இந்த ஊரின் பிள்ளைகள் காப்பகம் அவருடைய சமையலறைதான், அதற்கு எந்தத் துறையும் ஒரு காசு தருவதில்லை.

மகனின் அடையாள அட்டையின் காலம் முடிந்துவிட்டது. எங்கள் மேரி வாரத்தில் இரண்டு அரைநாட்கள் திறக்கும். அங்கிருக்கும் செயலாளர் மூன்று ஊர்களின் மேரிகளை மாறிமாறிப் பார்ப்பவர், எல்லாம் தெரிந்தவர், எல்லோரையும் தெரிந்தவர். ஆனால் 2017இலிருந்து கைரேகை எடுக்கும் கருவி உள்ள மேரிகளில்தான் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், சிற்றூர்களுக்கு அந்தக் கருவி கிடையாது. என் மகனை நாங்கள் இங்கே வந்த நாள் முதல் அறிந்த பெண்மணி அவன் யார் என்று சான்றளிக்க முடியாது, 31 கிலோமீட்டருக்கு அப்பால் அவனை ஒருமுறையும் பார்த்திராதவர் சான்றளிக்கலாம். அதே 2017இல்தான் வண்டிப் பதிவுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் மாவட்டத் தலைமையகத்திலிருந்த சாளரங்களை மூடி, எல்லாவற்றையும் இணையத்தில் செய்யச் சொன்னார்கள். அன்றைக்கு இங்கே பல வீடுகளுக்கு இணையமே ஒழுங்காக வராது. பிறகு 2020 முதல் 'பிரான்ஸ் செர்விஸ்' என்ற பெயரில் அரசு வேலைகளுக்கு உதவும் நிலையங்களைத் திறந்தார்கள். அங்கிருக்கும் பெண்கள் பொறுமையானவர்கள், முதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மீட்டுக் கொடுக்கிறார்கள். மூன்று அலுவலகங்களை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் போகும் வழி சொல்ல ஒருவரை வைத்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

என் ஆத்திரம் இதுதான். ஓர் அஞ்சலகத்தை மூடினால், ஒரு வரி அலுவலகத்தை இணைத்தால், இத்தனை மிச்சம் என்று எங்கோ ஒரு அறிக்கையில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பணம் மிச்சமாகவில்லை. மதாமுக்கு ஓய்வூதியப் பணத்தை எடுத்துக் கொடுக்க அவர் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டும் கிலோமீட்டராக, நான் தொலைக்கும் மதியமாக, பள்ளிப் பிள்ளை இழக்கும் தூக்கமாக அது எங்கள் பக்கம் வந்து சேருகிறது. எங்கள் வண்டியின் தூரமானியைப் படித்துப் பார்த்து அரசின் கணக்கில் சேர்ப்பதற்கு ஒரு துறை கிடையாது.

பிறகு அந்தத் தூரத்துக்கும் வரி கேட்டார்கள். 2018 ஜூலையில் நடுத்தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனது. அடுத்து எரிபொருள் மீதான கரிம வரியை உயர்த்துவதாகச் சொன்னார்கள். நவம்பர் 17ஆம் தேதி நாடு முழுக்கச் சாலை வட்டங்களில் மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றவர்களில் என்னைப் போல வீட்டுப் பணி செய்பவர்கள், செவிலியர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் எத்தனை பேர் என்பதை அங்கே போயிருந்தவர்கள் அறிவார்கள். பிற்பாடு நடந்த வன்முறையை நான் ஆதரிக்கவில்லை. புவி வெப்பமாவதை மறுப்பவளும் இல்லை, எங்கள் ஊற்றுகள் கோடையில் வற்றுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ரயிலைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு வரி போடுங்கள், வாய் திறக்காமல் கட்டுகிறேன். போர்தோவிலிருந்து எங்கள் மாவட்டத்தின் கெரே வழியாக லியோனுக்கு ஒரு நேரடி ரயில் இருந்தது. அது நின்று பத்தாண்டுக்கும் மேலாகிறது. சாதாரண மக்கள் பங்குப் பணம் போட்டு 'ரெய்ல்கூப்' என்ற கூட்டுறவைத் தொடங்கி அதைத் திரும்ப ஓட்ட முயன்றார்கள். 2024இல் அந்தக் கூட்டுறவு கலைக்கப்பட்டது. லியோனில் இருக்கும் மதாமின் மகன் அம்மாவைப் பார்க்க வருவதும் வண்டியில்தான், அதனால் அடிக்கடி வருவதில்லை.

வியாழன், வெள்ளி என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, காலை வீடுகள், மாலை வீடுகள், பேருந்து நிறுத்தம். நடுவில் விறகு வந்தது. முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள், மழைக்கு முன் அடுக்கியாக வேண்டும். ஓக் மரம் ஈராண்டு காய்ந்தால்தான் புகையில்லாமல் எரியும், ஆகவே அடுத்த குளிருக்கும் அதற்கடுத்த குளிருக்கும் இப்போதே அடுக்க வேண்டும். புகைபோக்கியைச் சுத்தம் செய்தவர் கொடுத்த சான்றையும் பத்திரமாக வைக்க வேண்டும், தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். குப்பை வண்டி வீட்டுக்கு வருவது நின்று, சாலைச் சந்திப்பில் பெரிய தொட்டிகளை வைத்துவிட்டார்கள். மதாமின் குப்பைப் பை என் வண்டியின் பின்புறத்தில்தான் போகிறது. அது என் வேலைப் பட்டியலில் இல்லை, வேறு யார் எடுப்பார்கள்?

சனிக்கிழமை கணவர் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுச் சந்தைக்கும் பேரங்காடிக்கும் போய் வாரச் சாமான்களை வாங்கினேன். பழைய சாமான்களைப் போடும் இடம் 12 மணிக்கு மூடும், வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஞாயிறாவது பிள்ளைகளோடு காட்டில் நடக்கலாம் என்றால், பிப்ரவரி முடியும்வரை வேட்டைக் காலம். 2023 ஜனவரியில் அரசு வேட்டைப் பாதுகாப்புக்குத் திட்டம் அறிவித்தது, ஞாயிறு வேட்டைக்குத் தடை அதில் இல்லை. வேட்டைக்காரர்கள் எங்கள் அண்டை வீட்டார்தான். காட்டுப் பன்றி ஒரே இரவில் புல்வெளியை உழுதுபோட்டதைக் கண்டவளுக்கு அவர்கள் தேவை தெரியும், பன்றி இறைச்சியில் பங்கும் கொண்டுவந்து தருவார்கள். ஆனாலும் வாரத்தில் பிள்ளைகளுக்கு மிஞ்சிய ஒரே நாளில், வீட்டைச் சுற்றி இருக்கும் ஒரே செல்வமான காட்டுக்குள் போக முடியாமல் ஆரஞ்சு உடுப்புக்காரர்களைச் சன்னலில் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? ஞாயிறு மதியத்தையாவது விட்டுக் கொடுக்கக் கூடாதா?

இந்த மண் வெறுமையானது இன்றைக்குத் தொடங்கியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் க்ரூஸில் 2,80,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், இன்று ஏறக்குறைய 1,15,000. வசந்தத்தில் ஆண்கள் கும்பல் கும்பலாகப் பாரிஸுக்குக் கொத்து வேலைக்கு நடந்தே போனார்கள், குளிரில் திரும்பினார்கள், பிறகு திரும்பாமலே போனார்கள். பாரிஸின் பெரிய கட்டடங்களில் க்ரூஸ்காரர்களின் கை இருக்கிறது. அவர்களில் ஒருவரான மர்த்தேன் நதோ, 1815இல் இந்த மாவட்டத்தில் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, கொத்தனாராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். தலைநகரத்துக்குக் கல் அடுக்கிக் கொடுத்த ஊர்கள் இவை. ஒரு மருத்துவரைக் கேட்டால் ஆள்தொகை போதாது என்கிறார்கள். ஆள் இல்லாததால் பள்ளி மூடுகிறது என்கிறார்கள், பள்ளி மூடுவதால்தானே இளம் குடும்பம் வரமாட்டேன் என்கிறது. நாங்கள் வந்தோம். இரண்டு பிள்ளைகளோடு வந்தோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன, ஒன்று பால் ஆடு வளர்க்கிறது, இன்னொருவர் தச்சர்.

இப்போது சின்னவளின் பள்ளியில் ஒரு வகுப்பை வரும் செப்டம்பரிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் இந்தப் பட்டியல் வரும், ஒவ்வோர் ஆண்டும் யாருடைய பள்ளி என்று காத்திருப்போம். மேயரின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பள்ளியும் மூடப்படாது என்று 2019 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மக்ரோன் சொன்னார். அந்த வாக்குறுதி பள்ளிக்குத்தான், வகுப்பை எடுப்பதற்கு அது தடையில்லை. ஒரு வகுப்பை எடுத்தால் ஒரே ஆசிரியை மூன்று நிலைகளைச் சேர்த்து நடத்த வேண்டும், பெற்றோர் சிலர் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றுவார்கள், அடுத்த பிப்ரவரியில் இன்னும் குறைந்த எண்ணைக் காட்டி மிச்சத்தையும் எடுப்பார்கள். பக்கத்துப் பகுதியில் இதே வரிசையில் நடந்ததைப் பார்த்திருக்கிறோம்.

வரும் வெள்ளி மாலை 6:30க்குப் பள்ளி முற்றத்தில் கூட்டம். கல்வித் துறையிலிருந்து ஒருவர் வருகிறார். என் மாலை வீடுகளை உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி எடுத்துக்கொள்கிறாள், மதாமுக்கும் சொல்லிவிட்டேன், "போங்க, எனக்காகவும் கேளுங்க" என்றார். வகுப்பு போனால் என் மகள் பேருந்தில் உட்காரும் நேரம் காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று கேட்கப் போகிறேன். அந்த நேரத்தை அவர்களுடைய தாளில், மிச்சத் தொகைக்குப் பக்கத்தில், எங்கள் கண்முன்னால் எழுதச் சொல்லப் போகிறேன். எழுதும்வரை முற்றத்தை விட்டுக் கிளம்புவதில்லை என்று பெற்றோர் எல்லோரும் பேசி வைத்திருக்கிறோம்.